தொட்டிக்குள் ஓர் உப்பளம்

"எத்தனை நாளைக்கு ஒரு தடவை தண்ணி ஊத்தணும்?"

பெரிய முதலியார்சாவடியில் வீட்டுக்குள் செடி வைத்திருப்பவர்கள் யாரைப் பார்த்தாலும் முதலில் இதைத்தான் கேட்கிறார்கள். நர்சரியில் இருக்கிற பையனும் சலிக்காமல், "வாரத்துக்கு ரெண்டு வாட்டி போதும்க்கா" என்று சொல்லிப் பையில் போட்டுக் கொடுத்துவிடுகிறான். எங்கள் ஊருக்கு அந்தக் கேள்வியும் உதவாது, பதிலும் உதவாது. என்ன தண்ணீர், எதன் மேல் ஊற்றுகிறோம், ஊற்றியது எந்த வழியாக வெளியே போகிறது, இந்த மூன்றையும் கேட்ட பிறகுதான் நாள் கணக்குக்கு வர வேண்டும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் விருந்தினர் விடுதிகளும் மாடி வாடகை வீடுகளும் பெருகிய பிறகு இங்கே செம்மண் தொட்டி அபூர்வமாகிவிட்டது. மண் கனம், மாடிக்குத் தூக்க முடியாது, டைல்ஸில் சிவப்பாக வழியும், வீட்டுக்காரர் திட்டுவார். கோகோபீட் கட்டி அப்படியில்லை. கையில் பிடித்துக்கொண்டு ஸ்கூட்டரில் வந்துவிடலாம். ஐந்து கிலோ கட்டியை நீரில் போட்டால் ஊறி உப்பி எழுபது லிட்டர் அளவுக்கு வந்து நிற்கும். தன் எடையைப்போல எட்டு மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மணி பிளான்ட், ஸ்நேக் பிளான்ட், பீஸ் லில்லி என்று வரவேற்பறையில் இருக்கிற எல்லாம் இன்று இந்தப் பழுப்புத் தூளில்தான் நிற்கின்றன.

நாரை உரித்த பிறகு தேங்காய் மட்டையில் மிஞ்சும் சோற்றுத் தூள்தான் இது. ஒரு காலத்தில் பொள்ளாச்சிப் பக்கம் சாலையோரம் மலைமலையாகக் குவிந்து கிடந்த கழிவு. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் ஏடுகளில் இன்றும் இதன் பெயர் தென்னை நார்க்கழிவுதான். அந்தக் கழிவு இன்று நாரையே முந்திவிட்டது. 2020–21இல் இந்தியாவின் கயிறுப் பொருள் ஏற்றுமதி 3,778 கோடி ரூபாய். அதில் பாதிக்கு மேல் இந்தத் தூள். ஹாலந்தின் கண்ணாடிக் கூடங்களில் தக்காளியும் ரோஜாவும் நம்மூர் மட்டையில் வேர்விட்டு நிற்கின்றன.

இதில் நமக்குச் சிக்கல் எங்கே வருகிறதென்றால், தென்னைக்கு உப்பு பிடிக்கும். கடற்கரை மணலில் அலைக்குப் பக்கத்திலேயே நின்று காய்க்கிற மரம் அது. தென்னங்கன்று நடும் குழியில் கல் உப்பு போடும் வழக்கம் நம் பெரியவர்களிடம் உண்டு. இறுகிய செம்பாறை நிலத்தில் குழிக்கு இரண்டு கிலோ உப்பு இட்டு மண்ணை இளக வைக்கச் சொல்லி ஆராய்ச்சி நிலையங்களும் பரிந்துரைத்திருக்கின்றன. மரம் குடித்த சோடியம், பொட்டாசியம், குளோரைடு எல்லாம் மட்டையிலும் தங்குகிறது. கேரளத்தில் மட்டையைக் காயலின் உப்பு நீரில் மாதக்கணக்கில் ஊறப் போடுவார்கள். அதிலிருந்து வரும் தூளில் உப்பு இன்னும் கூடுதல். தென்னை தாங்கியதைப் பீஸ் லில்லி தாங்கும் என்று எதிர்பார்க்க முடியாது. இலை நுனி காபிப் பொடி நிறத்தில் கருகிக்கொண்டு வரும். நாமோ தண்ணீர் போதவில்லை என்று முடிவுகட்டி, இன்னும் கொஞ்சம் ஊற்றுவோம்.

கட்டியை வாங்கினால் முதல் வேலை கழுவுவது. பக்கெட்டில் போட்டு நீர் விட்டதும் கட்டி ஓரத்திலிருந்து பொருக்குப் பொருக்காக உடையும். மேலே நுரை கட்டும். ஒரு மணி நேரத்தில் நீர் கடுங்காப்பி நிறத்துக்கு வந்துவிடும். பழைய வேட்டித் துணியில் கொட்டிப் பிழிந்தால் கைவிரல் நகக்கண்ணெல்லாம் பழுப்பேறும். அந்த முதல் நீரில், கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் பேனாவை நனைத்தால் எண் தாவுகிற வேகத்தைப் பார்க்க வேண்டும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற அந்தப் பேனாதான் எங்கள் ஊர்ச் செடிக்காரர்களுக்கு முதல் செலவாக இருக்க வேண்டும், பீங்கான் தொட்டி அப்புறம். பிழிந்து, புது நீர் விட்டு, மறுபடி பிழிந்து, வெளியேறும் நீரின் உப்பளவு ஊற்றிய நீரின் உப்பளவுக்கு அருகில் வரும்வரை செய்ய வேண்டும். நிறம் வெளுத்துவிட்டது என்று நிறுத்திவிடக் கூடாது. நிறம் போன பிறகும் உப்பு இருக்கும்.

தண்ணீர் மட்டும் எல்லாவற்றையும் எடுத்துவிடாது. தூளின் மேல்பரப்பில் சோடியமும் பொட்டாசியமும் ஒட்டிக்கொண்டிருக்கும். கால்சியம் கிடைத்தால் தூள் அதைப் பிடித்துக்கொண்டு இவற்றை விட்டுவிடும். அதனால்தான் ஏற்றுமதிக்காரர்கள் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து, மறுபடி கழுவி அனுப்புகிறார்கள். வீட்டில் செய்வதானால் லிட்டருக்கு ஓரிரு கிராம் கால்சியம் நைட்ரேட்டைக் கரைத்து, ஓர் இரவு ஊறவிட்டு, பிழிந்து அலசினால் போதும். உரக் கடையில் கிடைக்கும். செய்யாமல் விட்டால் நாம் போடுகிற கால்சியத்தையும் மக்னீசியத்தையும் செடிக்கு முன்னால் தூளே எடுத்துக்கொள்ளும். புதுத் துளிர் சுருண்டு சுருண்டு வரும்.

கழுவிய நீரைத் தென்னை இருந்தால் அதன் வட்டப் பாத்தியில் ஊற்றுங்கள். அதற்கு அது ஒன்றும் செய்யாது.

இனி ஊற்றுகிற தண்ணீர். எங்கள் கரையில் போர் போட்டவர்களுக்குத் தெரியும், சில தெருக்களில் கோடையில் சோப்பு நுரைப்பதில்லை. நிலத்தடியிலிருந்து நன்னீரை இறைக்க இறைக்கக் கடல் உள்ளே வருகிறது. குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியில்லாதபோது 2,000 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். ஆயிரம் இருக்கிற போர் தண்ணீரைத் தினமும் அரை டம்ளர், அதாவது 100 மில்லி, ஒரு தொட்டியில் ஊற்றுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடத்தில் 36 கிராம் உப்பு உள்ளே போகிறது; மேசைக்கரண்டியில் இரண்டு. எல்லாம் சமையல் உப்பு இல்லை, சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் கலந்தது. இருந்தாலும் செடி அதில் கொஞ்சத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். மீதி எங்கே போகும்?

மரக்காணம் உப்பளத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாத்தியில் நீரைக் கட்டுகிறார்கள். வெளியேற வழி விடுவதில்லை. வெயிலும் காற்றும் நீரைக் கொண்டுபோகின்றன, உப்பு தங்குகிறது. அடியில் ஓட்டையில்லாத அழகான தொட்டியில் அரை டம்ளர் அரை டம்ளராக ஊற்றுகிறவரும் அதே தொழிலைத்தான் செய்கிறார், ஏசி அறையில்.

கோகோபீட்டில் இது மண்ணைவிட மோசமாக நடக்கக் காரணம், அது நிறையப் பிடித்துக்கொள்வதுதான். மேலே வெளுத்துக் காய்ந்து கிடக்கும். ஒரு விரல் ஆழத்தில் ஈரமாக இருக்கும். காய்ந்துவிட்டது என்று நினைத்துக் கொஞ்சம் ஊற்றுவோம். அந்தக் கொஞ்சமும் மேலேயே நின்றுவிடும், அடிவரை இறங்காது. எனவே அரை டம்ளர் வைத்தியத்தை விட்டுவிடுங்கள். ஊற்றும்போது தாராளமாக, ஊற்றியதில் ஐந்தில் ஒரு பங்காவது அடியில் வடியும்வரை ஊற்ற வேண்டும். வடிந்ததைத் தட்டிலேயே விடாமல் கொட்டிவிட வேண்டும். விட்டால் தூள் அதை மறுபடி உறிஞ்சிக்கொள்ளும். பிறகு சும்மா இருக்க வேண்டும். அடுத்து எப்போது என்பதற்குத் தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். ஊற்றிய அன்றைக்கு இருந்த கனம் பாதிக்கு மேல் குறைந்தால் ஊற்றலாம். அக்னி நட்சத்திரத்தில் அது மூன்றாம் நாளே வரும், கார்த்திகை மழையில் பத்து நாள் ஆனாலும் வராது. ஸ்நேக் பிளான்ட்டுக்கு இன்னும் தள்ளிப் போடலாம். நம்மூர் வேலியோரத்து மருளின் உறவுக்காரி அது, காய்ச்சலுக்கு அஞ்சாது.

ஒரு முக்கியமான விஷயம், ஆர்ஓ இயந்திரத்தின் கழிவு நீர். "வீணாப் போவுதேன்னு செடிக்குப் புடிச்சு ஊத்துறேன்க்கா" என்று பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி பெருமையாகச் சொன்னாள். நல்ல மனசுதான். ஆனால் குடிக்கும் நீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பெல்லாம் சேர்ந்த நீர் அது. தரை துடைக்கலாம், கழிப்பறைக்கு ஊற்றலாம். தொட்டிச் செடிக்குக் கூடாது. வடகிழக்குப் பருவமழையில் மொட்டை மாடித் தண்ணீரை ஒரு டிரம்மில் மூடிவைத்தால் (மூடி அவசியம், இல்லையென்றால் கொசு) தை மாசி வரை வீட்டுச் செடிகளுக்கு வரும். அதற்குப் பிறகு பாதி போர், பாதி கேன் தண்ணீர் என்று கலந்துகொள்ளலாம். மாதம் ஒரு முறையாவது தொட்டியைக் குளியலறைக்குக் கொண்டுபோய், தொட்டியின் கொள்ளளவைப்போல இரண்டு மடங்கு நல்ல நீரை ஊற்றி வடியவிடுவது நல்லது. அப்படியே இலைகளையும் துடைத்துவிடுங்கள். கடற்காற்று படிய வைப்பதும் உப்புதான்.

தீனி விஷயம். மண்ணில் ஏதாவது இருக்கும். நாம் மறந்தாலும் செடி தேடித் தின்னும். தூளில் பொட்டாசியம் தவிரச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. போதாததற்குப் பச்சைத் தூள் மக்கத் தொடங்கினால், மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் செடியின் தழைச்சத்தையும் பிடுங்கிக்கொள்ளும். இதற்குத்தான் வேளாண் பல்கலைக்கழகம் ஒரு டன் நார்க்கழிவுக்கு ஐந்து கிலோ யூரியாவும் சிப்பிக் காளான் விதையும் அடுக்கடுக்காக இட்டு, ஒரு மாதம் ஈரம் காத்து மக்கவைக்கும் முறையைச் சொல்லித்தந்தது. 112க்கு ஒன்று என்றிருக்கும் கரி–தழைச்சத்து விகிதம் அதில் 24க்கு ஒன்றாக இறங்கும். மக்கிய நார்க்கழிவு கிடைத்தால் தூளோடு கால் பங்கு கலக்கலாம். மண்புழு உரமும் சேர்க்கலாம்.

கரைசலாகக் கொடுப்பதென்றால் 19:19:19 உரம் லிட்டருக்கு அரை கிராம், இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, ஈரமான தூளில். பாக்கெட்டில் இருக்கும் அளவு வயலில் வெயில் தின்னும் பயிருக்கு எழுதியது. சன்னல் வெளிச்சத்தில் நிற்கும் செடிக்கு அது விருந்து மேல் விருந்து. உரமும் உப்புதான் என்பதை மறக்கக் கூடாது. கால்சியம் நைட்ரேட்டை இதோடு ஒரே குவளையில் கெட்டியாகக் கலக்காதீர்கள், பாஸ்பேட்டோடு சேர்ந்து வெள்ளையாகத் திரிந்துவிடும். மாற்றி மாற்றிக் கொடுங்கள். போர் தண்ணீர் ஊற்றுகிறவர்களுக்குப் பெரும்பாலும் கால்சியம் தனியாகத் தேவைப்படாது, அந்தத் தண்ணீரிலேயே வேண்டிய மட்டும் இருக்கிறது. ஆர்ஓ நீரும் மழை நீரும் மட்டும் கொடுப்பவர்கள்தான் கால்சியத்தையும் ஒரு சிட்டிகை எப்சம் உப்பையும் நினைவில் வைக்க வேண்டும்.

இயற்கை வழிக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். பஞ்சகவ்யம் மீது எனக்கு மரியாதை உண்டு. மீன் அமிலம் எங்கள் ஊருக்கென்றே செய்தது மாதிரி, கழிவு மீனுக்கும் வெல்லத்துக்கும் பஞ்சமில்லை. தோட்டத்தில் ஊற்றுங்கள். மூடிய வரவேற்பறையில் ஊற்றினால் செடி பிழைக்கும், விருந்தாளி பிழைக்க மாட்டார். அரிசி கழுவிய நீரும் அப்படித்தான். தூளில் புளித்துக் கண்ணுக்குள் வந்து விழுகிற சின்னக் கருப்புப் பூச்சியைக் கூட்டிவரும்.

கடைசியாக ஒரு வயிற்றெரிச்சல். ஏற்றுமதிச் சந்தையில் இந்தத் தூளுக்கு உப்பளவை வைத்துத்தான் தரம். உப்பளவைக் காட்டும் மின்கடத்துத் திறன் 0.5க்குக் கீழே என்றால் ஒரு விலை, கழுவாத சரக்குக்கு வேறு விலை. வாங்குகிற ஹாலந்துக்காரருக்கு அந்த எண் தெரியும். நம் சாலையோரக் கடையில் ஐந்து கிலோ கட்டி வாங்குகிற நமக்கு அந்த எண் எங்கேயும் இல்லை; பச்சைச் செடிப் படமும் 'நூறு சதவீதம் இயற்கை' என்ற வாசகமும் மட்டும் இருக்கும். இன்னொரு பக்கமும் உண்டு. பெருமளவில் கழுவினால் அந்தப் பழுப்பு நீர் எங்கேயாவது போக வேண்டும். பொள்ளாச்சிப் பக்கத்துக் கிணறுகள் நிறம் மாறிய புகார்களுக்குப் பிறகுதான், மாசு விளைவிக்காதவை என்று வெள்ளை வகையில் இருந்த கயிறு ஆலைகளை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021இல் ஆரஞ்சு வகைக்கு மாற்றியது; ஆலைக்காரர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அவர்கள் கிணற்றைக் கெடுத்துக் கழுவித் தரச் சொல்லி நான் கேட்கவில்லை. கழுவியதா கழுவாததா, உப்பளவு என்ன என்று கட்டியின் மேல் அச்சடிக்கச் சொல்கிறேன். அதற்கு ஒரு சொட்டுத் தண்ணீர்கூடச் செலவாகாது. அடுத்த முறை வாங்கும்போது நீங்களும் கடைக்காரரிடம் கேளுங்கள். நாலு பேர் கேட்டால் அவர் மொத்த வியாபாரியிடம் கேட்பார்.