கேக்காம அழிக்கலாமா?



நம்ம கம்ப்யூட்டர் ரூமில் 'ஸ்டோரேஜ் சென்ஸ்' ஓடுது. 2017-ல் விண்டோஸ் 10-க்கு வந்த வசதி இது. தற்காலிக ஃபைல்களையும், ரீசைக்கிள் பின்னில் 30 நாள் கிடந்ததையும் தானே அழிச்சிடும். இடம் மிச்சம், நல்லதுதான். ஆனா யாரோ டவுன்லோட்ஸ் ஃபோல்டரையும் அதில் சேர்த்துட்டாங்க. 60 நாளாத் திறக்காம அங்கே கிடந்த எங்க அறிவியல் கண்காட்சிப் படமெல்லாம் போச்சு!

வீடு கூட்டும்போது ஒரு துண்டுக் காகிதம் கிடந்தாலும் அம்மா, "இது வேணுமாடி?"ன்னு கேப்பாங்க. கம்ப்யூட்டர் கேக்காது. அதுக்கு நாள் கணக்குதான் தெரியும், நம்ம உழைப்பு தெரியாது.

அதனால தற்காலிக ஃபைலை அது கூட்டட்டும். டவுன்லோட்ஸை மாசம் ஒரு நாள் நாமே பார்த்து அழிப்போம். வேண்டியதை அன்னைக்கே தனி ஃபோல்டரில் வைப்போம். எங்க தப்பும் அதுதானே!

இது என் கருத்து. உங்க கருத்து என்ன?

– ஒன்பதாம் வகுப்பு மாணவி