பித்தளைக்குள் ஒரு பாடகர் குழு

ட்ரொம்போன் என்றதும் நம்மவர்களுக்கு நினைவில் எழுவது அணிவகுப்பில் செல்லும் பொலிஸ் அல்லது இராணுவ வாத்தியக் குழுவே. நீண்ட பித்தளைக் குழாயை முன்னும் பின்னும் இழுத்து உரத்து ஊதுவார்கள். சிறுவர்கள் வேடிக்கை பார்த்துச் சிரிப்பார்கள். ஆனால் அணிவகுப்புக்கு வருவதற்கு நெடுங்காலம் முன்னரே இக்கருவி தேவாலயத்தில் குடியிருந்தது. அந்தப் பழைய குடியிருப்பை இசை ரசிகர்களே மறந்துவிட்டார்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

16 ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெனிஸ் நகரின் சென் மார்க் தேவாலயத்தில் ஜியோவன்னி கப்ரியேலி, பாடகர்களோடு ட்ரொம்போன்களையும் சேர்த்து இசை அமைத்தார். அவரிடம் பயின்ற ஜேர்மானியரான ஹைன்ரிக் ஷூட்ஸ், மகன் அப்சலோமை இழந்த தாவீது மன்னனின் புலம்பலை ஒரு கனத்த ஆண்குரலுக்கும் நான்கு ட்ரொம்போன்களுக்குமாக எழுதி, 1629 இல் வெளியிட்டார். ஒரு தகப்பனின் அழுகைக்குத் துணைநிற்க அவர் ட்ரொம்போனைத் தேடினார்.

இதற்குக் காரணம் உண்டு. ட்ரொம்போனில் சுரத்தை நிர்ணயிப்பது வாசிப்பவரின் உதடும் நகரும் குழாயுமே. மனிதக் குரலைப் போலவே அதனாலும் ஒரு சுரத்தை மயிரிழையளவு கூட்டவோ குறைக்கவோ முடியும். ஆகவே நான்கு கருவிகள் சேர்ந்து ஒலிக்கையில், தேர்ந்த பாடகர் குழுவின் சுருதிச் சுத்தம் கிடைக்கிறது. ஓர்கனுக்கு மூச்சு வாங்கத் தேவையில்லை. ட்ரொம்போன் வாசிப்பவரோ பாடகரைப் போலவே வரியின் முடிவில் மூச்சு வாங்கியாக வேண்டும். பாடலின் உயிர் அந்த இடைவெளியில் இருக்கிறது.

பத்திரிகைக்காரன் என்ற வகையில் என்னை அதிகம் நெகிழ வைத்தது மொராவியத் திருச்சபையினரின் வழக்கம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள பெத்லகேம் நகரில் அவர்கள் 1754 இல் தொடங்கிய ட்ரொம்போன் குழு இன்றும் இயங்குகிறது. சபையில் ஒருவர் இறந்தால் அக்குழு மூன்று பாமாலை மெட்டுகளை வாசித்து ஊருக்கு அறிவிப்பது மரபு. முதலும் மூன்றாவதும் ஒரே மெட்டு. நடுவில் வரும் மெட்டு ஆளுக்கு ஆள் மாறும். இறந்தவர் மணமானவரா, விதவையா, மணமாகாத இளைஞரா, குழந்தையா என்பதை ஊரார் அதைக் கேட்டே அறிந்துகொண்டனர். எத்தனையோ மரண அறிவித்தல்களை அச்சேற்றிய எனக்கு, ஒரு சொல்லும் இல்லாத இந்த அறிவித்தலின் கண்ணியம் வியப்பளிக்கிறது.

1812 இல் லின்ஸ் நகரில் தங்கியிருந்த பீத்தோவன், மரித்த ஆன்மாக்களை நினைவுகூரும் நவம்பர் 2 ஆம் திகதி வழிபாட்டுக்கென நான்கு ட்ரொம்போன்களுக்கு மூன்று சிறு இசைகளை எழுதிக் கொடுத்தார். 1827 மார்ச் 29 ஆம் திகதி வியன்னாவில் நடைபெற்ற அவரது சொந்த இறுதி ஊர்வலத்தில், அவற்றுள் இரண்டு 51 ஆம் சங்கீதத்தின் சொற்களோடு ஆண்குரல்களாலும் பாடப்பட்டன. கருவிக்கென எழுதியதைக் குரலுக்கு மாற்றுவது அத்தனை இயல்பாக இருந்தது.

சொற்களை நீக்கிவிட்டால் அது எப்படி வழிபாட்டு இசையாகும் என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆயினும் இலத்தீன் மொழியிலான பாடலைக் கேட்டு உருகுவோரில் எத்தனை பேருக்கு அதன் பொருள் தெரியும்? சொல் இல்லாத இடத்தில் கேட்பவர் தம் மன்றாட்டைத் தாமே வைத்துக்கொள்கிறார். ஒரே வகைக் கருவிகளின் ஓசை சலிப்பூட்டும் என்பாரும் உளர். மணிக்கணக்கில் கேட்டால் சலிக்கலாம். பீத்தோவனின் அந்த மூன்று இசைகளுக்கும் சில நிமிடங்களே போதும். வீடு அடங்கிய பின் ஓரிரவு கேட்டுப் பாருங்கள். அணிவகுப்பில் நாம் கண்ட அதே கருவிதானா இது என்று நிச்சயம் ஐயுறுவீர்கள்.