சங்கிலியும் சீட்டும்

"பேய் பிடித்திருக்கிறது" என்கிறார் பூசாரி. "சனி பிடித்திருக்கிறது" என்கிறார் சோதிடர். "முன்வினை பிடித்திருக்கிறது" என்கிறார் புராணிகர். பெற்ற தாயோ, மூவருக்கும் காணிக்கை கொடுத்துக் களைத்து, கம்மலையும் அடகு வைத்துவிட்டு, அடுத்த கோயிலுக்கு வழி கேட்கிறாள். மனத்துக்கும் நோய் வரும், அந்நோய்க்கும் மருந்து உண்டு என்று அவளிடம் சொல்லத்தான் ஆளில்லை!

இந்த வழிகாட்டிகள் எங்கே கொண்டுபோய் விடுவார்கள் என்பதை 2001 ஆகஸ்டு 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் நாடு கண்டது. தர்காவை நாடி வந்த மனநோயாளிகளை அடைத்து வைத்திருந்த தனியார் காப்பகமொன்றின் கொட்டகையில் தீப்பிடித்தது. ஓடித் தப்பக் கால்கள் இருந்தன; அந்தக் கால்களிலே சங்கிலிகளும் இருந்தன! 28 உயிர்கள் கருகின.

ஒரு மதத்தை மட்டும் நாம் குறை கூறவில்லை. கோயிலாயினும், தர்காவாயினும், மாதா கோயிலாயினும், நோயாளியைக் கட்டிப்போடும் கயிறு ஒன்றுதான். அதன் பெயர் அறியாமை. பெற்றோரைப் பழிக்கவும் நாம் முன்வரோம். வேப்பிலை அடிப்பவர் அடுத்த தெருவில் இருக்கிறார். மனநல மருத்துவரோ அடுத்த ஊரிலும் இல்லை. அருகில் இருப்பவரிடம்தானே அழுதுகொண்டு ஓடுவாள் தாய்?

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசின் மனநல மருத்துவம் பெறுவது ஒவ்வொருவருக்கும் உரிமை என்கிறது; சங்கிலியிடுதலை எவ்வடிவிலும் தடுக்கிறது. திட்டம் இல்லையா? தேசிய மனநலத் திட்டம் 1982-இல் வந்தது. மாவட்ட மனநலத் திட்டம் 1996-இல் வந்தது. கேட்டறிய வழி இல்லையா? 2022 முதல் 14416 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. இரவும் பகலும், கட்டணமின்றி, தமிழிலேயே பேசலாம். ஆலோசகர் கேட்பார்; தேவையெனில் மனநல மருத்துவரோடு இணைப்பார்; நேரில் காணவேண்டிய நோயாளிக்கு மருத்துவமனையைக் காட்டுவார்.

ஆயினும், 2015-16-இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு கூறியதென்ன? வயது வந்தோரில் பத்தில் ஒருவருக்கு மனநோய். அவர்களுள் சிகிச்சை எட்டாதோர், நோய்க்கு நோய் மாறுபட்டு, 70 முதல் 92 விழுக்காடு! எண் ஒன்றை அறிவித்ததனாலேயே இத்தனை பெரிய பள்ளம் தூர்ந்துவிடுமா?

பள்ளத்தின்மீது பாலமாக நிற்க வேண்டியவர் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர். "தூக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறது" என்று வரும் பெண்ணுக்குச் சத்து மாத்திரை தந்து அனுப்பிவிட்டால், அவள் அடுத்துப் போகும் இடம் பூசாரியின் வாசல்தான். "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ" என்பது வழிகாட்டலாகாது, கைகழுவலே ஆகும். எந்த நாள், எந்த மருத்துவமனை, எந்த அறை, எவரைக் காண்பது என்று எழுதிய சீட்டு வேண்டும். போனவள் போய்ச் சேர்ந்தாளா என்று கேட்க ஓர் ஊழியர் வேண்டும். நீண்ட வரிசையின் முன்னே தனித்து அமர்ந்திருக்கும் அந்த மருத்துவருக்கும் ஐயம் எழும்போது கேட்டுத் தெளிய, மனநல வல்லுநர் ஒருவர் தொலைபேசியின் மறுமுனையில் வேண்டும். துணையில்லாத மருத்துவரிடம் துணை தேடி என்ன பயன்?

அதே ஏர்வாடியில், வேண்டுதலுக்கு வருவோர் இருக்கும் இடத்துக்கே பின்னர் அரசு மனநல மருத்துவம் சென்றது. வேண்டுதலும் மருந்தும் கைகோத்து நடக்கும் அந்த ஏற்பாட்டில் நமக்கு முழு உடன்பாடு இல்லை. ஆனால் மக்கள் இருக்குமிடம் தேடி மருந்து நடந்தது பாருங்கள், அதை வரவேற்கிறோம். 28 பேர் சாகுமுன்னே அது நடந்திருக்கக் கூடாதா என்றும் கேட்கிறோம்.

ஒவ்வொரு பள்ளிச் சுவரிலும், ரேஷன் கடையிலும், பேருந்து நிலையத்திலும் 14416 எழுதப்படட்டும். ஒவ்வொரு சுகாதார நிலையத்திலும் அந்தச் சீட்டு எழுதப்படட்டும். சட்டம் போட்டவர்கள் சாலையும் போடவேண்டும். தாய் ஒருத்தி வழி கேட்கும்போது, பூசாரிக்கு முன்பாகப் பதில் சொல்லும் நாடே பகுத்தறிவு நாடு!