என்னை வளர்த்தவளுக்கு ஒன்பது வயது

என் ஆய்வுக்காகக் காலனிகளுக்குள் நான் எடுத்துப்போகும் கேள்வித்தாளில் ஒரு கேள்வி இருக்கிறது. கடந்த ஒரு வாரத்தில் உங்கள் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையை, பத்து வயது நிரம்பாத இன்னொரு பிள்ளையின் பொறுப்பில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விட்டுப் போனீர்களா? தாய் ‘ஆமாம்’ என்றால், அந்தக் குழந்தைக்குக் கிடைப்பது ‘போதாத பராமரிப்பு’ என்று கணக்கில் ஏறிவிடும். யுனிசெஃப் பல நாடுகளில் நடத்தும் குடும்பக் கணக்கெடுப்பில் உள்ள அளவுகோல் இது. எங்களைப் போன்ற ஆய்வு மாணவர்கள் அதைக் கடன் வாங்கிக்கொள்கிறோம்.

விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு காலனி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து முதல்முறை இந்தக் கேள்வியை வாய்விட்டுப் படித்தபோது எனக்கு என் அக்கா நினைவுக்கு வந்தாள். எனக்கு ஒரு வயது இருக்கும்போது அவளுக்கு ஒன்பது. அம்மா விடியும் முன்னே நடவுக்கோ, மல்லாட்டைக் களைக்கோ போய்விடுவார். அக்கா என்னை ஒக்கலில் தூக்கிக்கொண்டு பத்து மணிக்குக் கழனி வரப்புக்கு வருவாள், அம்மா பால் கொடுக்க. நிலத்துக்காரர் வரப்பில் நின்றால் அதுவும் கிடையாது. அந்த நாட்களில் பக்கத்து வீட்டுச் சின்னம்மா பால் கொடுத்திருக்கிறார். மற்ற நேரமெல்லாம் நான் பழம்புடவையில் கட்டிய ஏணையில் கிடந்திருக்கிறேன், ஆட்டிவிடுவது அக்கா. கொஞ்ச நாள் என்னைப் பள்ளிக்கூடத்துக்கே தூக்கிப்போயிருக்கிறாள். வாத்தியார் வராண்டாவில் உட்காரச் சொன்னார்; பிறகு வீட்டுக்கே போகச் சொன்னார். நான்காம் வகுப்போடு அவள் படிப்பு முடிந்தது.

ஊரில் பால்வாடி இருந்ததா என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது, ஊர்த்தெருவில், பிள்ளையார் கோயிலுக்கு எதிரே. எங்கள் தெருப் பிள்ளைகள் போனால் கடைசியில் உட்கார வைத்துத் தனித்தட்டில் போடுவார்கள் என்று அம்மா சொல்வார். இரண்டு வயது நிரம்பாத குழந்தையை நாள் முழுக்க வைத்துக்கொள்ள அங்கே ஆளும் இல்லை, ஏற்பாடும் இல்லை. இன்றைக்கும் பெரும்பாலும் இதுதான் நிலை.

அப்படியானால் எனக்குக் கிடைத்தது போதாத பராமரிப்பா? இந்தக் கேள்விக்கு என் துறை இரண்டு விதமாகப் பதில் சொல்லிப் பழகியிருக்கிறது. இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை.

முதல் பதில், ஏழைத் தாய்க்குக் குழந்தை வளர்க்கத் தெரியவில்லை என்பது. ஒரு கருத்தரங்கில் பேசியவர் ஒருவர், கூலி வேலைக்குப் போகும் பெண்கள் குழந்தையோடு பேசுவதே குறைவு, அவர்களுக்கு விழிப்புணர்வு ஊட்ட வேண்டும் என்றார். ஆதாரமாக அவர் காட்டியது ‘மூன்று கோடிச் சொல் இடைவெளி’. பெட்டி ஹார்ட், டாட் ரிஸ்லி என்ற இருவர் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் செய்து 1995-இல் வெளியிட்ட ஆய்வு அது. மூன்று வயதுக்குள் வசதியான வீட்டுக் குழந்தையைவிட ஏழைக் குழந்தை மூன்று கோடிச் சொற்கள் குறைவாகக் கேட்கிறது என்று அது சொன்னது. உலகமெங்கும் மேடை மேடையாகச் சொல்லப்படும் இந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பவை மொத்தமே 42 குடும்பங்கள். அவற்றில் அரசு உதவித்தொகையில் வாழ்ந்த மிக ஏழைக் குடும்பங்கள் ஆறுதான். 2018-இல் டக்ளஸ் ஸ்பெர்ரியும் அவரோடு வேலை செய்தவர்களும் வேறு சமூகங்களில் இதைச் செய்து பார்த்தார்கள். தாய் பேசுவதை மட்டும் எண்ணாமல், குழந்தையைச் சுற்றி அண்ணன், அக்கா, பாட்டி, பக்கத்து வீட்டுக்காரர் பேசுவதையும் எண்ணினார்கள். அந்தப் பெரிய இடைவெளி நிற்கவில்லை. எங்கள் தெருவில் யாரிடம் கேட்டிருந்தாலும் இதைச் சொல்லியிருப்பார்கள். நான் முதலில் கேட்ட கதைகளில் பாதி, அக்கா தன் கூட்டாளிகளோடு தாயக்கட்டை ஆடிக்கொண்டே பேசிய ஊர்க்கதைகள்.

இரண்டாவது பதில் இதைவிட நாகரிகமானது. அதனால்தான் அதைப் பற்றி அதிகம் பேச வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு பண்பாட்டுக்கும் ஒரு குழந்தை வளர்ப்பு உண்டு, எதையும் குறைவு என்று சொல்லக் கூடாது என்பது அது. இதற்கு நல்ல ஆதாரங்கள் இருக்கின்றன. கென்யாவின் குசி மக்களிடையே பல ஆண்டுகள் ஆய்வு செய்த ராபர்ட் லெவைன், அங்கே தாய்மார்கள் கைக்குழந்தையோடு அதிகம் பேசுவதில்லை, கண்ணோடு கண் பார்ப்பதுகூடக் குறைவு என்று எழுதினார். ஆனால் குழந்தை எப்போதும் யாராவது ஒருவர் உடம்போடு ஒட்டியே இருக்கும், அழுதால் உடனே அமர்த்தப்படும். கைக்குழந்தையைத் தூக்கிச் சுமப்பது பெரும்பாலும் அக்காமார்கள். தாமஸ் வைஸ்னரும் ரொனால்ட் கல்லிமோரும் 1977-இல் 186 சமூகங்களைப் பற்றிய பதிவுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். கைக்குழந்தைப் பருவம் தாண்டிய பிறகு பெரும்பாலான சமூகங்களில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் முதல் ஆள் தாய் அல்ல. தாய் ஒருத்தி, குழந்தை ஒன்று, மூடிய வீடு என்பது உலக வழக்கத்தில் அபூர்வமான ஏற்பாடு என்று இதைப் படித்தபோது எனக்கு ஒரு பெரிய நிம்மதி. அம்மாவும் அக்காவும் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறங்கிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

அந்த நிம்மதி நீடிக்கவில்லை. ‘இந்தியப் பண்பாடு’ என்று இந்தத் துறை எதைச் சொல்கிறது என்று தேடிப் பார்த்ததுதான் காரணம்.

குழந்தை வளர்ப்பு பற்றிய ஒப்பீட்டு ஆய்வுகளில் அடிப்படை நூலாகக் கருதப்படுவது பீட்ரிஸ் வைட்டிங் தொகுத்து 1963-இல் வெளிவந்த ‘ஆறு பண்பாடுகள்’. கென்யா, மெக்சிகோ, பிலிப்பைன்ஸ், ஒகினாவா, அமெரிக்கா, இந்தியா ஆகிய ஆறு இடங்கள். இந்தியாவுக்காக அதில் இருப்பது யார் தெரியுமா? மேற்கு உத்தரப் பிரதேசத்துக் கிராமம் ஒன்றின் ராஜபுத்திரர்கள். நிலம் வைத்திருந்த ஆதிக்கச் சாதி. நூல் அந்தக் கிராமத்துக்கு ‘காலாப்பூர்’ என்று பெயர் கொடுத்திருக்கிறது. லெய் மின்டர்னும் ஜான் ஹிட்ச்காக்கும் எழுதிய அந்தப் பகுதியின் தலைப்பிலேயே ராஜபுத்திரர் என்றுதான் இருக்கிறது, அவர்கள் மறைக்கவில்லை. அதைப் பாடப்புத்தகங்களில் சுருக்கியவர்கள்தான் ‘இந்தியத் தாய்’ ஆக்கினார்கள். முற்றத்துக்குள் முக்காட்டோடு இருக்கும் அந்தப் பெண்களின் வீட்டு வேலைகளுக்கு வேறு சாதிப் பெண்கள் வந்து போவார்கள். அந்தப் பெண்களின் குழந்தைகள் அந்த நேரத்தில் எங்கே இருந்தார்கள்? அது ஆய்வின் கேள்வி அல்ல.

தமிழ்க் குடும்பத்தில் குழந்தைகள் மீதான அன்பைப் பற்றி வெளிநாட்டவர் எழுதியதில் அதிகம் பேசப்படுவது மார்கரெட் ட்ராவிக்கின் 1990-ஆம் ஆண்டு நூல். அன்பு என்ற நம் சொல்லை அவ்வளவு நுட்பமாகப் பார்த்த இன்னொரு மானுடவியல் நூலை நான் படித்ததில்லை. அந்தக் குடும்பமும் நிலமுள்ள ரெட்டியார் குடும்பம்தான். நூலைக் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை. ஆனால் உலகத்துக்குப் போய்ச் சேர்ந்த ‘தமிழ்க் குழந்தை வளர்ப்பு’ எந்தத் தெருவிலிருந்து போனது என்பதைக் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும்.

பிறப்பிலிருந்தே பார்ப்போம். வட இந்தியாவின் பல பகுதிகளில் தொப்புள்கொடி அறுப்பது தீட்டு வேலை. அதற்குத் தலித் பெண்களை அழைத்தார்கள். தமிழ்நாட்டில் மருத்துவச்சி நாவிதர் சமூகத்துப் பெண். ஊர்த்தெருக் குழந்தையை இந்த உலகத்தில் முதலில் தொட்ட கை, தீட்டுக் கழித்த பிறகு அந்தக் குழந்தையைத் தொடக் கூடாத கை. இதையும் ‘பண்பாட்டு வழக்கம்’ என்று ஒரே வரியில் கடந்துபோகும் கட்டுரைகளை நான் படித்திருக்கிறேன்.

அதனால், அக்கா என்னைத் தூக்கி வளர்த்ததைக் ‘கூட்டு வளர்ப்பின் அழகு’ என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. அவள் கொடுத்தது குறைவான பராமரிப்பு இல்லை. எனக்கு எந்தக் குறையும் வைக்கவில்லை அவள். ஆனால் அதற்கு அவள் படிப்பு போனது. குசி மக்களிடையே அக்கா தம்பியைத் தூக்குகிறாள், காலனியிலும் தூக்குகிறாள், இரண்டும் ஒன்று என்று அட்டவணை போடலாம். நிலத்துக்காரர் வீட்டில் அக்காவின் வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். அவளுக்கும் தம்பி இருந்தான். அவள் பள்ளிக்கூடம் போனாள். ஒரே ஊர், ஒரே மொழி, ஒரே மாரியம்மன். வேறுபட்டது யாருடைய அம்மா யாருடைய கழனியில் நின்றார் என்பதுதான்.

இந்த வேறுபாடு உடம்பிலும் ஏறுகிறது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவிகிதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். பட்டியல் சாதிக் குழந்தைகளில் இது சுமார் 39, பழங்குடிக் குழந்தைகளில் சுமார் 41. அஷ்வினி தேஷ்பாண்டே, ராஜேஷ் ராமச்சந்திரன் ஆகிய பொருளியல் ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி போய், தீண்டாமை அதிகம் கடைப்பிடிக்கப்படும் பகுதிகளில் தலித் குழந்தைகளின் உயரக் குறைவும் அதிகம் என்று காட்டினார்கள். தாய்க்கு விழிப்புணர்வு ஊட்டி இதைச் சரிசெய்யலாம் என்பவர்கள், முதலில் யாருக்கு விழிப்புணர்வு தேவை என்று சொல்லட்டும்.

குழந்தைக்குத் தேவை தாயின் நேரம். அந்த நேரத்துக்கு அரசு என்ன விலை வைத்திருக்கிறது? தமிழ்நாட்டில் அரசுப் பணியிலுள்ள பெண்ணுக்கு 2021 முதல் 12 மாதம் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு. நல்லது, இன்னும் கூட்டினாலும் நான் மகிழ்வேன். 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு பயன் சட்டம் 26 வாரம் தந்தது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. கழனிக் கூலிக்கு அது பொருந்தவில்லை. அவளுக்கு இருப்பது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம்: ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து 18,000 ரூபாய், தவணை தவணையாக. ஒரு தாய்க்கு ஒரு வருடச் சம்பளம், இன்னொரு தாய்க்குச் சில மாதக் கூலி. இதை நாம் ‘சலுகை’ என்ற கணக்கில் பேசிப் பழகிவிட்டோம்.

1928-இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு உதவி மசோதாவை ஆதரித்துப் பேசிய அம்பேத்கர், பேறுகாலத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன் என்றும், வேலை கொடுப்பவரும் அந்தச் செலவில் பங்கேற்க வேண்டும் என்றும் வாதிட்டார். ஐந்து வயதளவில் தாயை இழந்து, அத்தை மீராபாயின் கையில் வளர்ந்தவர் அவர்.

அங்கன்வாடிக்கு வருவோம். ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சிப் பணித் திட்டம் 1975 அக்டோபர் 2-இல் தொடங்கியது. தமிழ்நாட்டில் இன்று 54,000-க்கும் மேற்பட்ட மையங்கள். சத்துமாவு, முட்டை, தடுப்பூசி என்று எங்கள் தலைமுறை உயிர் பிழைத்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. மையத்தில் வேலை செய்யும் பெண்களுக்குச் சம்பளம் என்று சொல்லாமல் ‘மதிப்பூதியம்’ என்று சொல்வது தனிக்கதை. மையம் எந்தத் தெருவில் இருக்கிறது என்பதே முதல் கேள்வி. உணவுரிமை வழக்கில் 2004 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகள் அனைத்திலும் கூடிய விரைவில் அங்கன்வாடி அமைய வேண்டும் என்று உத்தரவிட்டது. உங்கள் ஊரில் மையம் எங்கே இருக்கிறது என்று ஒருமுறை நடந்து போய்ப் பாருங்கள்.

அடுத்தது நேரமும் வயதும். என் அக்காவின் மகள் செய்யாறு பக்கம் செருப்புக் கம்பெனிக்குப் போகிறாள். கம்பெனி பஸ் விடியற்காலையில் வந்துவிடும், திரும்ப இருட்டிவிடும். அவளுடைய ஒரு வயதுக் குழந்தை அக்காவிடம். இரண்டு வயது நிரம்பாததால் அங்கன்வாடியில் சேர்க்க முடியாது. நிரம்பினாலும் பஸ் வரும் நேரத்தில் மையம் திறந்திருக்காது. 2005-இல் வந்த 100 நாள் வேலைச் சட்டம், வேலையிடத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐந்து பேர் வந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்த வேண்டும் என்றது. அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு போன நாட்களில் அப்படி யாரையும் அமர்த்தவில்லை. மரத்தில் ஏணை கட்டிக்கொள்ளச் சொன்னார்களாம். நாற்பது வயதில் இரண்டாவது முறையாக அவள் இடுப்பில் ஒரு குழந்தை.

கேள்வித்தாளை அவளிடம் ஒருநாள் படித்துக் காட்டினேன். “அது என்னா போதாத பராமரிப்பு? உன்னைக் கீழ வுட்டனா நானு?” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “எனக்குத்தான் யாரும் இல்ல” என்றாள்.

போன அக்டோபர் 2 கிராம சபையில் எங்கள் தெருப் பெண்கள் மனு கொடுத்தார்கள். காலனிக்குள் மையம், ஆறு மாதக் குழந்தையிலிருந்து சேர்க்கை, காலை ஆறு முதல் மாலை ஏழு வரை திறப்பு, பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு முறையான சம்பளம். மனுவை நான்தான் எழுதினேன், திருத்தியது அக்கா. ‘குழந்தைகளுக்கு’ என்று நான் எழுதிய இடத்தில் ‘குழந்தைகளுக்கும் அவர்களைத் தூக்கும் பிள்ளைகளுக்கும்’ என்று சேர்க்கச் சொன்னாள். தலைவர், மேலிடத்துக்கு அனுப்புகிறோம் என்றார். தீர்மானப் புத்தகத்தில் ஏற்றவில்லை. நவம்பர் 1 கூட்டத்தில் மறுபடி கேட்டோம். ஏற்றினார்கள். இப்போது பதில் கடிதத்துக்குக் காத்திருக்கிறோம்.