எரிந்த நூலகமும் வெறும் அலுமாரியும்

"பிள்ளைகள் தமிழ் வாசிக்கினம் இல்லை." புகலிடத்தில் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் இந்த ஒப்பாரி கேட்கிறது. தொலைக்காட்சி, கைத்தொலைபேசி, வெள்ளைக்காரச் சகவாசம் என்று குற்றவாளிகளின் பட்டியலும் தயாராகவே இருக்கிறது. ஒரு பெயர் மட்டும் அதில் எப்போதும் விடுபட்டுப் போகிறது. வாசிப்பைத் தண்டனையாக்கி வைத்திருக்கும் பெரியவர்களின் பெயர்தான் அது என்கிறோம் நாம்.

1983 ஜூலைக்குப் பின் எம்மவரில் ஆயிரக்கணக்கானோர் கிழக்கு பேர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ஃப்ரீட்ரிக்ஸ்ட்ராஸ நிலையத்தில் ரயிலேறி மேற்கு பேர்லினுக்குள் நுழைந்தார்கள். 1985-86 இல் அந்த வழி அடைபட்டது. அன்று அவர்களுடைய பையில் புத்தகம் இருந்ததா என்று கேட்பது அநியாயம். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தவர்கள். நாற்பது வருடங்களுக்குப் பிறகு கேட்கலாம். 2020 இல் திறந்த பேர்லினின் புதிய விமான நிலையமும் அதே ஷோனெஃபெல்டில்தான் இருக்கிறது. லண்டன் கலியாணத்துக்கும் பாரிஸ் சாமத்தியச் சடங்குக்கும் அங்கிருந்து பறக்கும் குடும்பங்களின் பொதிகளில் கூறைச்சேலை இருக்கிறது, நகை இருக்கிறது, பலகாரம் இருக்கிறது. பிள்ளைக்கு ஒரு கதைப்புத்தகம் இருக்கிறதா?

ஃப்ரீட்ரிக்ஸ்ட்ராஸ நிலையத்திலிருந்து சிறிது தூரம் நடந்தால் பேபெல்பிளாட்ஸ் சதுக்கம் வரும். 1933 மே 10 இரவு நாஜிகள் புத்தகங்களை எரித்த இடம். எரிஷ் கெஸ்ட்னர் என்ற எழுத்தாளர் கூட்டத்துக்குள் நின்று, தன் நூல்கள் தீயில் விழுவதைப் பார்த்தார். நாஜிகளின் பட்டியல் அவருடைய எழுத்தில் விட்டுவைத்தது ஒன்றே ஒன்றைத்தான்: 1929 இல் வந்து பிள்ளைகள் கொண்டாடிய 'எமில்' கதை. 1995 இல் அந்தச் சதுக்கத்தின் நிலத்துக்கடியில் மிக்கா உல்மன் ஒரு நினைவுச்சின்னம் அமைத்தார். ஏறத்தாழ 20,000 புத்தகங்கள் கொள்ளும் வெறும் அலுமாரிகள், வேறொன்றுமில்லை. ஆனால் ஜேர்மனியர் வெறும் அலுமாரியோடு நின்றுவிடவில்லை. 2004 முதல் ஒவ்வொரு நவம்பரிலும் நாடு முழுவதும் பிள்ளைகளுக்கு உரத்து வாசிக்கும் நாளொன்றை நடத்துகிறார்கள். அன்று அரசியல்வாதியும் பிள்ளைகளுக்கு முன்னால் புத்தகத்தோடு உட்காருகிறார்.

எமக்கு யாழ்ப்பாண நூலகம். 1981 மே 31 இரவு மூட்டிய தீயில் ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அதன் நினைவாக மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள், மேடையில் முழங்குகிறார்கள். முழங்குபவரின் வீட்டு அலுமாரியில் கண்ணாடிக் கோப்பைகளும், பேச்சுப்போட்டியில் பிள்ளை வென்ற கேடயங்களும் அடுக்கியிருக்கின்றன. நூலகத்துக்கு அழுகிறவர் வீட்டில் நூல் இல்லையென்றால் அந்த அழுகை யாருக்கு?

வார இறுதியில் பிள்ளை தமிழ் வகுப்புக்குப் போகிறது. ஆத்திசூடி மனனம், திருக்குறள் மனனம், பந்திக்குக் கீழே ஐந்து வினாக்கள், வருட முடிவில் பரீட்சை. அதே பிள்ளை ஜேர்மன் நூலகத்திலிருந்து தடித்த புத்தகமொன்றைத் தூக்கி வந்து போர்வைக்குள் ஒளித்து வாசிக்கிறது. அங்கே யாரும் புள்ளி போடுவதில்லை. வாசிப்பில் பிள்ளைக்கு வெறுப்பில்லை. தமிழில் அதன் முன்னால் வைக்கப்படுவது பரீட்சைத்தாள், அவ்வளவுதான். அந்த ஜேர்மன் புத்தகத்தைப் பறிப்பவர் தமிழைக் காப்பாற்றவில்லை. ஒரு வாசகரை இழக்கிறார்.

ஊரை நினைத்துப் பாருங்கள். எம் தலைமுறை வாசிப்பின் ருசியைப் பள்ளிக்கூடத்திலா பழகியது? சனசமூக நிலைய வாசிகசாலையில், பெரியவர்கள் பத்திரிகையைக் கீழே வைக்கும்வரை காத்து நின்று பழகியது. அம்புலிமாமாவையும் முத்து காமிக்ஸையும் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்துப் பழகியது. மாஸ்கோவில் அச்சாகி மலிவு விலைக்கு வந்த தமிழ்க் கதைகளில் பழகியது. அவற்றைப் பறித்துக் கிழித்த தகப்பன்மாரும் இருந்தார்கள். கிழிபட்ட பிள்ளைகள் பலர் இன்று அதே தகப்பன்மாரின் கதிரையில் அமர்ந்திருக்கிறார்கள்.

"தமிழில் நல்ல சிறுவர் புத்தகம் எங்கே?" என்பது சாட்டு. சென்னையின் தூலிகா பதிப்பகம் 1996 முதல் படக்கதைகள் போடுகிறது. 2015 இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையத்தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம். "ஏட்டுத் தமிழ் பிள்ளைக்கு விளங்காது" என்பது மட்டும் உண்மை. அதனால்தான் தாயோ தகப்பனோ பக்கத்தில் இருந்து, வீட்டுப் பேச்சில் மாற்றிச் சொல்லி, உரத்து வாசிக்க வேண்டும். படுக்கைக்கு முன் பத்து நிமிடம் போதும். முடிவில் வினா வேண்டாம். பிடிக்காத கதையைப் பாதியில் மூடும் உரிமையும் பிள்ளைக்கு இருக்கட்டும்.

அடுத்த நூலக நினைவுநாளில் ஒலிவாங்கியை அணைத்துவிட்டு, மண்டபத்தில் பாய் விரித்து, பிள்ளைகளைச் சுற்றி இருத்திக் கதை வாசியுங்கள். அதற்கு மனமில்லாதவர்கள் நூலகத்தின் பெயரால் இனி எமக்கு அழுது காட்ட வேண்டாம்.