நகர்ந்த நந்தியும் நகராத வாயிலும்

மார்கழித் திங்கள். பனி கொட்டும் பருவம். பள்ளிக்கு விடுமுறை. நண்பர் குடும்பம் ஆருத்திரா தரிசனம் காணத் தில்லைக்குக் கிளம்பிற்று. பாட்டி, பிள்ளைகள், புளிச்சோற்று மூட்டை, கம்பளிப் போர்வைகள்! "பக்தி இல்லாவிடில் போகட்டும், சிற்பம் பார்க்க வாருங்கள்" என்றார் நண்பர். சென்றோம்.

சிற்பம் காண்பதைக் குறை கூறுவோர் அல்லோம் நாம். கோபுர வாயில்களிலே நாட்டியக் கரணங்களைக் கல்லில் நிறுத்தியது உழைப்பாளியின் உளி. ஆனால் வழிகாட்டி யாரைப் பற்றிப் பேசினார்? பொன் வேய்ந்த பராந்தகனை, கோபுரம் எழுப்பிய கிருஷ்ணதேவராயனை! உளி பிடித்தவன் பெயரை அவர் சொல்லவே இல்லை.

தேரோட்டம் முடிந்தது. ஆடவல்லான் ஆயிரங்கால் மண்டபத்தில் அன்றிரவு தங்கினார். விடியுமுன் அவருக்குக் குடம் குடமாகப் பால், தேன், சந்தனம். அதற்காகக் கருங்கல் தரையிலே குளிரில் சுருண்டு கிடந்தனர் மக்கள். கைக்குழந்தைகள் இருமின. உறக்கம் வராத பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டி நந்தனார் கதை சொன்னார். இடையிடையே பழைய படப்பாட்டும் பாடினார். இனிமையான குரல்தான், மறுக்கவில்லை.

ஏழாம் வகுப்புப் படிக்கும் பேத்தி கேட்டாள்: "நமக்குக் கதவு திறந்திருக்கிறதே பாட்டி, அவருக்கு மட்டும் ஏன் நெருப்பு?"

"அது ஆண்டவன் சோதனையடி கண்ணே!"

சோதனையா? சேக்கிழார் சொன்னபடியே பார்ப்போம். ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்தவர் நந்தனார். கோயில் பேரிகைக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் அளித்தவர். அவர் தந்த தோல் உள்ளே சென்றது. தந்தவர் வெளியே நின்றார்! திருப்புன்கூரில் அவர் கண்ணுக்கு மறைத்த கல் நந்தியை விலகச் சொன்னாராம் இறைவன். விலகியதாம். கல்லை நகர்த்தத் தெரிந்த கடவுளுக்குக் கதவைத் திறக்கத் தெரியவில்லையா? தில்லையிலே நந்தனார் கனவில் தோன்றினாராம். அந்தணர் கனவிலும் தோன்றினாராம். தோன்றியவர், "அன்பன் வருகிறான், அழைத்து வாருங்கள்" என்று அவர்களுக்கு ஆணையிட்டாரா? இல்லை! "தீ அமையுங்கள்" என்றார்! மூழ்கி எழுந்தவர் மார்பிலே முப்புரிநூல். உள்ளே போனவர் நந்தனார் அல்லர். நந்தனாரை எரித்த பிறகு எஞ்சிய ஒரு முனிவர். சாதிக்குச் சூடு படவில்லை, மனிதனுக்குத்தான் பட்டது.

ஆண்டை ஒருவர் தில்லை செல்லத் தடுத்தார் என்ற பகுதி சேக்கிழாரிடம் இல்லை. கோபாலகிருஷ்ண பாரதியார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேர்த்தது. பண்ணையடிமையின் துயரைப் பாட்டில் கொணர்ந்தார், பாராட்டுவோம். ஆனால் அவரும் அந்தத் தீயை அணைக்கவில்லையே!

கனவுகள் திறக்காத கதவைத் திறந்தது எது? 1947ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தின் ஆலய நுழைவுச் சட்டம். அதன் பின்னும் சிற்றம்பல மேடையில் தேவாரம் பாட 2008இல் ஓர் அரசாணை வேண்டியிருந்தது. கனகசபையில் ஏறி நின்று வழிபட 2022இல் மற்றோர் ஆணை. தேவாரம் பாடிய நாவுக்கரசருக்கே இன்று அரசாணை தேவைப்பட்டிருக்கும் போலும்!

மாணவரைத் தில்லைக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியத் தோழர்களே, அழைத்துச் செல்லுங்கள், தடுக்கவில்லை. கரணங்களைக் காட்டுங்கள். காட்டிவிட்டுத் தென்வாயிலில் நிறுத்தி, இங்கேதான் தீ மூட்டியதாகக் கதை சொல்கிறது என்றும் சொல்லுங்கள். அருள் என்று சொல்லாதீர்கள். கேட்கிற பிள்ளையின் வாயை அடைக்காதீர்கள்.

அதே ஊரில், 1916இல், ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகளுக்காகச் சுவாமி சகஜானந்தர் ஒரு பள்ளி தொடங்கினார். துறவிதான், காவிதான், எனினும் நந்தனார் பெயரால் அவர் மூட்டியது அடுப்பு, கற்றுத் தந்தது எழுத்து. மறுநாள் தரிசனக் கூட்டம் தெருவை அடைத்திருந்த வேளையில், நண்பரின் மகளை அங்கே அழைத்துச் சென்றோம். விடுமுறை, கதவு பூட்டியிருந்தது. பெயர்ப்பலகையை எழுத்துக் கூட்டாமல் ஒரே மூச்சில் படித்தாள். பிறகு திரும்பிக் கேட்டாள்: "இந்தப் பள்ளிக்கூடத்துக்குள் அவர் நெருப்பில் குளிக்காமலே போகலாம், இல்லையா?"