மழையைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்

2005 ஜூலை 26-ம் தேதி பெய்த மழையை மும்பைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் பதிவானது 944 மில்லி மீட்டர். அதே நேரத்தில் கொலாபாவில் பதிவானதோ 73 மில்லி மீட்டர்தான். ஒரே நகரம், ஒரே நாள், இரண்டு மழை!

இன்றும் தொலைக்காட்சியில் என்ன நடக்கிறது? "மும்பைக்கு ஆரஞ்சு எச்சரிக்கை" என்று செய்தி வாசிப்பவர் படித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறார். எந்த மும்பை? கொலாபாவா, குர்லாவா? அவருக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நேற்று பங்குச் சந்தை, இன்று மழை, நாளை சினிமா. இது அவர் குற்றமல்ல. வானிலையை மட்டுமே கவனிக்கும் உத்தியோகம் என்று ஒன்றை நிலையங்கள் உருவாக்கவே இல்லை.

அமெரிக்காவில் உள்ளூர் நிலையங்களில் அது ஆயுட்காலத் தொழில். ஓக்லஹோமா நகரில் கேரி இங்லண்ட் என்பவர் 1972 முதல் 2013 வரை ஒரே நிலையத்தில் சூறாவளிகளைப் பற்றி எச்சரித்து வந்தார். அலபாமாவில் ஜேம்ஸ் ஸ்பான் கோட்டைக் கழற்றிவிட்டால் ஆபத்து நெருங்கிவிட்டது என்று ஜனங்கள் புரிந்துகொள்வார்கள். தெருவையும் பள்ளிக்கூடத்தையும் பெயர் சொல்லி எச்சரிப்பார். அந்நாட்டு வானிலை ஆய்வுச் சங்கம் இத்தகையவர்களுக்குப் பரீட்சை வைத்துச் சான்றிதழ் தருகிறது. அங்கும் சிக்கனம் என்ற பேய் புகுந்துவிட்டது. 2025 ஜனவரியில் ஒரு நிறுவனம், தன் உள்ளூர் வானிலையாளர்களை நீக்கிவிட்டு, அட்லாண்டாவிலிருந்தே எல்லா ஊர்களுக்கும் சொல்லப்போவதாக அறிவித்தது. நேயர்கள் கொதித்தெழுந்தார்கள். நிறுவனம் சில ஊர்களிலாவது பின்வாங்க நேர்ந்தது.

தமிழர்களுக்கு இது புரியாத விஷயமல்ல. சென்னை வானிலை மையத்தில் புயல் எச்சரிக்கைப் பிரிவின் இயக்குநராக இருந்த எஸ்.ஆர். ரமணன் 2016-ல் ஓய்வு பெற்றார். அவர் அரசாங்க விஞ்ஞானி. தொலைக்காட்சி ஊழியர் அல்ல. ஆனாலும் ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையிலும் அதே முகம், அதே நிதானம். பள்ளிப் பிள்ளைகள் விடுமுறைக்காக அவரை எதிர்பார்த்துக் காத்திருந்தது வேடிக்கைதான். ஆனால் அந்த நம்பிக்கை வேடிக்கையல்ல.

கையிலுள்ள செல்போனே எல்லாம் சொல்லாதா என்பார்கள். அது மழையின் அளவைச் சொல்லும். பெருமழையும் கடல் ஏற்றமும் ஒரே வேளையில் வந்தால் சாக்கடை நீர் கடலுக்குள் இறங்காது, சயானில் தண்டவாளம் மூழ்கலாம், ஆகவே தாராவிக்காரர் லோக்கல் ரயிலை நம்பி மாலை வரை ஆபீசில் இருக்க வேண்டாம் என்று எடுத்துச் சொல்ல ஊரறிந்த மனிதர் வேண்டும். ஒரு நாள் கூலி போவதும் வெள்ளத்தில் மாட்டுவதும் ஒன்றல்ல அல்லவா?

ஆளுக்கும் பஞ்சமில்லை. விசாகப்பட்டினத்தில் ஆந்திரப் பல்கலைக்கழகத்திலும், கொச்சியிலும், பூனாவிலும் வானிலை இயல் கற்பிக்கிறார்கள். படித்து வருகிறவர்களுக்கு அரசுத் துறை, ஆராய்ச்சிக் கூடம், சில தனியார் கம்பெனிகள் ஆகியவற்றை விட்டால் வழி குறைவு. தொலைக்காட்சியின் கதவு கிட்டத்தட்ட மூடியே கிடக்கிறது. நட்சத்திர நிகழ்ச்சிகளுக்குப் பணத்தை வாரி இறைக்கும் நிலையங்களுக்கு ஒரு நிபுணரின் சம்பளம் சுமையாகத் தோன்றுவது விந்தையே. மராத்தியோ இந்தியோ, மும்பை நிலையங்கள் ஒவ்வொன்றும் அடுத்த ஜூன் பிறப்பதற்குள் படித்த ஒருவரை நியமிக்கட்டும்; மழை ஓய்ந்ததும் வேறு வேலைக்கு மாற்றாமல், அதற்கடுத்த ஜூனிலும் அவரையே பேச வைக்கட்டும்.